மரத்தின் கோட்டமும் மனத்தின் கோட்டமும்

நன்னூற் பாயிரம் கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் நன்கு பழகிய உவமை ஒன்றுண்டு. தச்சன் மரத்தில் நூலடித்து அதன் வளைவைப் போக்குகின்றான். அவ்வாறே அறிஞர் இயற்றிய நூல் மாந்தர் மனத்தின் வளைவைப் போக்குகின்றது என்பது பவணந்தியாரின் கருத்து. தச்சன் கையிலுள்ள கயிற்றையும் புலவன் கையிலுள்ள ஏட்டையும் நூல் என்ற ஒரே சொல் குறித்து நிற்பதன் அழகைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய நாள் முதலாக ஆண்டுதோறும் நாம் வகுப்பறையில் விளக்கி வந்திருக்கின்றோம். மாணவர் குறிப்பெடுப்பர், பரீட்சையில் எழுதுவர், புள்ளியும் பெறுவர். ஆயின் அவ்வுவமையின் சரிபாதி தச்சனுக்கு உரியது என்பதை நாம் ஒருநாளேனும் நின்று சிந்தித்தோம் என்று கூறுவதற்கில்லை. உவமானத்தைத் தாண்டி உவமேயத்துக்கு விரைந்து செல்வதே எமது வழக்கமாயிருந்தது. அந்த விரைவுக்குப் பின்னால் மறைந்திருந்தது என்ன என்பதை ஒரு வேப்பமரமும் ஆறு மாணவரும் ஓர் ஓடாவியாரும் எமக்குக் காட்டித் தந்தனர். அதனையே இங்கு எழுத முனைகின்றோம்.

2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வங்கக் கடலில் எழுந்த மாண்டூஸ் புயலின் குளிர்காற்று வடக்கையும் கிழக்கையும் வருத்தியதும், வெளிகளில் நின்ற கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்ததும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். எமது பாடசாலை முற்றத்து வேம்பும் அக்காற்றிலேதான் சாய்ந்தது. கவர் கவராகப் பிரிந்து கோணிக் கிடந்த அம்மரம் பலகை அரிவதற்கு உதவாது என்று மர ஆலைக்காரர் கைவிரித்தனர். விறகுக்கு விற்றுவிடுவது என முடிவாயிற்று.

இதே வேளையில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர் அறுவர் தமது செயற்றிட்டமாக முற்றத்தில் ஒரு வாசிப்புக் கொட்டகை அமைக்க விரும்பினர். 2013ஆம் ஆண்டு எமது நாட்டின் உயர்தர வகுப்புகளிற் புகுத்தப்பட்ட இப்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் 'ஓடாத' பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடம் இதுவென்றே பெற்றோர் பலர் கருதுகின்றனர். ஆசிரியர்களாகிய எம்முட் பலரும் அவ்வாறே கருதுகின்றோம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவே. மாணவரின் அறிக்கையைத் தமிழிற் பிழைதிருத்திக் கொடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பிழைதிருத்தச் சென்ற நாம் மெல்ல மெல்ல மேற்பார்வையாளரானோம்.

பாடசாலையின் கணினிக் கூடத்தில் இருந்த பதினொரு கணினிகளுள் நான்கே உயிருடன் இருந்தன. அந்நான்கிலும் அமர்ந்து மாணவர் வரைந்த முதற்படம் கண்ணைப் பறிக்கும் அழகுடையது. இரும்புக் குழாய்களும் கண்ணாடியும் வளைந்த தகரக் கூரையுமாக அது திரையிலே சுழன்றது. எந்த நாட்டிலும் எந்த ஊரிலும் நிற்கக்கூடிய கட்டடம். அதனாலேயே எமது முற்றத்துக்கு உரியதல்லாத கட்டடம். 2022இல் ரூபா வீழ்ந்த பின்னர் இரும்பும் சீமெந்தும் ஏறியிருந்த விலையை இரும்புக்கடையில் விசாரித்து வந்த மாணவர் முகம் வாடினர். திரையில் ஒரு கோட்டை இழுப்பதற்குச் செலவில்லை. அக்கோடு இரும்பாகும்போது செலவு உண்டு என்ற முதற்பாடத்தை அவர்கள் அன்று கற்றனர்.

உடைந்த வாங்குகளைத் திருத்துவதற்கு ஓடாவியார் ஒருவர் பாடசாலைக்கு வருவதுண்டு. ஒரு பிற்பகல் அவர் சாய்ந்த வேம்பின் அடியில் அமர்ந்து அதன் கவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மாஸ்ரர், இதை விறகுக்குக் குடுக்கப் போறியளாம். மெய்யோ?"

"ஓம் ஓடாவியார். கோணல் மரம், ஒண்டுக்கும் உதவாதெண்டு சொல்லுறாங்கள்."

"கோணலெண்டு ஆர் சொன்னது? இந்தக் கவரைப் பாருங்கோ. இதைக் கப்பாய் நட்டு மேலை வளையை வைச்சால் ஆணியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். நாங்கள் பொருத்தினால் நார் அறும். மரம் தானாய்ப் பொருத்தினதிலை நார் அறாது."

நாம் நின்றுவிட்டோம். கூறியது சிறு வாக்கியம். ஆயின் அது ஒரு விஞ்ஞான உண்மை. கிளையும் அடிமரமும் சேருமிடத்தில் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. காற்றும் கிளையின் பாரமும் ஆண்டாண்டாக அசைத்து அசைத்து அவ்விணைப்பை உறுதிப்படுத்துகின்றன. நேர்ப்பலகையாக அரியும் வாள் இந்நார்களை அறுத்துவிடுகின்றது. பின்னர் அறுத்த துண்டுகளை ஆணியாலும் இரும்புத் தகட்டாலும் பொருத்தி, இழந்த உறுதியை விலைகொடுத்து வாங்குகின்றோம். மரக்கலம் கட்டியோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஐரோப்பியக் கப்பற்றச்சர் கப்பலின் விலா எலும்புகளுக்கென வளைந்த ஓக்கு மரங்களைக் காடுகளிலே தேடித் திரிந்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்று சேர்ந்த வரலாற்றைப் பெருமையோடு பேசும் நாம், அதனைக் கட்டிய கைகளைப் பற்றி எவ்வளவு பேசுகின்றோம்?

ஓடாவியாரின் சொல்லை மாணவரிடம் தெரிவித்தோம். அவர்கள் வழக்கம்போலக் கைத்தொலைபேசியில் துழாவினர். அன்றிரவே ஒரு செய்தியைக் கண்டுபிடித்து மறுநாட் காலை எம்மிடம் ஓடிவந்தனர். இங்கிலாந்தின் தென்மேற்கே டோசெற் பிரதேசத்தில் ஹூக் பார்க் என்றொரு காடு இருக்கின்றது. 1847இல் இலண்டனில் தோன்றிய ஆர்க்கிரெக்சரல் அசோசியேஷன் என்ற கட்டடக்கலைக் கல்லூரி 2002ஆம் ஆண்டு முதல் அக்காட்டைத் தனது செய்முறைக் களமாகக் கொண்டுள்ளது. அங்கு பயிலும் பட்டமேற்படிப்பு மாணவர் காகிதத்திலே வடிவமைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. தாம் வடிவமைத்ததைத் தம் கையாலேயே கட்டவேண்டும். காட்டில் நிற்கும் மரமே அவர்களது கட்டடப் பொருள்.

அவர்கள் 2016இல் முடித்த ஒரு கட்டடம், மரச்சிராய்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். அச்சிராய்களை எரித்தே அவ்வளாகம் குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படுகின்றது. கட்டடத்தின் பயன் மிக எளியது. கட்டிய முறையோ பெரிதும் எண்ணத்தக்கது. கூரையைத் தாங்கும் வில்வடிவான சட்டகத்தை அவர்கள் கவர்விட்ட பீச் மரங்களால் அமைக்க எண்ணினர். முதலிற் காட்டில் நின்ற 204 மரங்களை அவை நின்ற நிலையிலேயே படம்பிடித்து ஆராய்ந்தனர். அவற்றுள் 25 மரங்களை மட்டும் தெரிந்து தறித்தனர். தறித்த ஒவ்வொரு கவரையும் பல கோணங்களிலிருந்து படமெடுத்து, அப்படங்களைக் கணினியால் இணைத்து, மரத்தின் முப்பரிமாண உருவத்தைப் பெற்றனர். பின்னர் எந்தக் கவரை எவ்விடத்தில் எவ்வாறு திருப்பி வைத்தால் வில்லின் வடிவம் சீராக அமையும் என்பதைக் கணினி பல்லாயிரம் முறை மாற்றி மாற்றிப் பார்த்தது. இறுதியில் இருபது கவர்கள் இடம்பெற்றன. பொருத்துகளை மட்டும் இயந்திரக் கை ஒன்று செதுக்கியது. மற்றப் பகுதிகள் காட்டில் வளர்ந்தவாறே, கோணியவாறே விடப்பட்டன. நேர்கோட்டை வரைவதற்கே கணினி பிறந்தது என எண்ணியிருந்த எமக்கு, கோணலை மதிப்பதற்கும் அதனைப் பயன்படுத்தலாம் என்பது புதிய செய்தியாயிருந்தது.

அச்செய்தியை ஓடாவியாருக்கு மாணவர் திரையிற் காட்டினர். அவர் நெடுநேரம் பார்த்தார். பின்னர், "வெள்ளைக்காரப் பெடியளுக்கும் கப்பு வைக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். மாணவர் சிரித்தனர். எமக்கும் சிரிப்பு வந்தது. எனினும் அவர் நகைச்சுவைக்காகக் கூறவில்லை. கவர்க் கப்பு நட்டு, அதன்மேல் வளை ஏற்றி, சிலாகை அடித்துக் கிடுகு மேய்ந்த வீடுகள் எமது பாட்டன்மார் காலத்தில் இம்மண்ணிற் சாதாரணமாக இருந்தவை. அக்கலையை வறுமையின் அடையாளமென எண்ணி நாம் கைவிட்ட பின்னர், அது கணினியின் துணையோடு வேறொரு நாட்டிலிருந்து எமக்குத் திரும்பி வந்தபோதுதான் வியப்படைந்தோம். அந்நாட்டுக் கல்லூரியிற் செய்யப்படாதிருந்தால் எமது ஓடாவியாரின் சொல்லுக்கு நாம் செவிசாய்த்திருப்போமா? இக்கேள்வி அன்றே எமது உள்ளத்தில் முள்ளாகத் தைத்தது.

வேலை தொடங்கியது. இயந்திரக் கைக்கு நாம் எங்கே போவது? ஒரு கைத்தொலைபேசியும் இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியுமே எமது கருவிகள். மாணவர் கவர் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து அறுபது எழுபது படங்கள் எடுத்தனர். முதன்முறை கிடைத்த உருவம் அழகாயிருந்தது; ஆயின் அதன் நீளம் ஓரடியா ஒன்பதடியா என்பது கணினிக்குத் தெரியவில்லை. படத்தில் அளவு அறிந்த பொருளொன்றும் இல்லாமையே காரணம். ஓடாவியார் தமது அடிக்கோலை எடுத்து மரத்தின் பக்கத்தில் வைத்தார். "கோல் இல்லாமல் என்ன அளவு?" என்று கேட்டார். அதன் பின்னர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் அந்த அடிக்கோல் கிடந்தது.

பன்னிரண்டடி அகலமும் பதினெட்டடி நீளமும் கொண்ட கொட்டகைக்கு ஆறு கப்புகள் வேண்டும். ஒன்பது கவர்கள் இருந்தன. கணினி ஒரு வரிசையைத் தந்தது. ஓடாவியார் தம் கண்ணாலும் நூலாலும் வேறொரு வரிசையைத் தெரிந்தார். இரண்டுக்கும் இரண்டு இடங்களில் மாறுபாடு. மாணவர் கணினியின் பக்கம் நின்றனர். ஓடாவியார் வாதாடவில்லை. ஐந்தாம் இலக்கக் கவரைக் கொட்டாப்புளியால் தட்டினார். பின்னர் நாலாம் இலக்கத்தைத் தட்டினார். ஒலி வேறுபட்டது. ஐந்தாவது கவரை மாணவர் அரிந்து பார்த்தபோது உள்ளே கோறையாயிருந்தது. கணினி மரத்தின் தோலை மட்டுமே கண்டது. ஓடாவியார் அதன் உள்ளத்தைக் கேட்டார்.

ஆனால் இரண்டாவது மாறுபாட்டில் வென்றவர்கள் மாணவரே. ஓடாவியார் தெரிந்த ஒரு கவரை அவர் எண்ணியபடி நிறுத்தினால் மேலே வரும் வளை நாலங்குலம் சரியும் என்றும், அதனைப் பக்கவாட்டில் சிறிது திருப்பினால் ஒரு விரற்கடையும் வெட்டவேண்டியதில்லை என்றும் அவர்கள் திரையிற் காட்டினர். அவர் கயிறு கட்டி அளந்து பார்த்தார். "பெடியள் சொல்லுறது சரி மாஸ்ரர்" என்று ஒப்புக்கொண்டார். அவரது குரலில் தோல்வி இல்லை. நல்ல வேலையைக் கண்ட தொழிலாளியின் மகிழ்ச்சியே இருந்தது. கையா கணினியா என்று பட்டிமன்றம் வைக்கும் எம்மவருக்கு இந்நிகழ்ச்சியை நாம் விடையாகத் தருவோம். இருவருக்கும் தெரியாத ஒன்று இருவரிடமும் இருந்தது. பேதம் பாராட்டாது அருகருகே நின்றபோதே அது வெளிப்பட்டது.

மற்றொன்றையும் குறிப்பிடவேண்டும். கணினியின் கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. வரைபடத்தின் உறுப்புகளுக்குப் பெயரிடும் வேளை வந்தபோது மாணவர் ஆங்கிலச் சொற்களைத் தேடினர். கலைச்சொல் அகராதியைத் தருமாறு எம்மிடம் கேட்டனர். தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியாகிய எமக்குக் கொட்டகையொன்றின் உறுப்புகளின் பெயர் முழுமையாகத் தெரியாது என்பதை அன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கப்பு, வளை, முகட்டுவளை, தீராந்தி, கைமரம், சிலாகை என ஓடாவியார் வாய் சொல்லச் சொல்ல மாணவர் அப்பெயர்களைக் கணினியிற் பொறித்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த சொல்லும் எமது பழஞ்சொல்லும் வேற்றுமையின்றி அவர் நாவில் வாழ்ந்தன. நெடுநல்வாடையைப் பாடம் சொல்லும்போது, நிழலைக் கொண்டு திசையறிந்து கயிறிட்டு அரண்மனைக்கு மனைவகுத்தோரை அப்பாட்டு புலவர் என்றே அழைக்கின்றது என விளக்குகின்றோம். மனைவகுப்போனும் பாட்டிசைப்போனும் ஒரே பெயரைப் பெற்ற அக்காலத்துக்கும் எமது காலத்துக்கும் இடையில் நிகழ்ந்தது என்ன? கையின் அறிவையும் ஏட்டின் அறிவையும் பிரித்தது எது? பதில் யாவருக்கும் தெரிந்ததே. தொழில் சாதியாக உறைந்தது. சாதி மதிப்பாகவும் இழிவாகவும் பங்கிடப்பட்டது. நூல் ஓதியவன் திண்ணையில் அமர்ந்தான். நூல் அடித்தவன் முற்றத்தில் நின்றான்.

இனி எழுதவேண்டியது எமது சொந்தக் குற்றம்.

ஆறு மாணவருள் ஒருவன் கணினியில் மிக வல்லவன். கவர்களின் உருவத்தைத் திருப்பித் திருப்பி இணைத்தவன் அவனே. ஆயின் ஓடாவியார் வரும் பிற்பகல்களில் அவன் கூடத்தை விட்டு வெளியே வருவதில்லை. திரையின் முன்னாலேயே இருப்பான். கருவியில் ஈடுபாடு என்று நாம் எண்ணினோம். ஒருநாள் மழை பெய்தது. ஓடாவியாரிடம் குடை இல்லை. அவன் எழுந்து தன் குடையை எடுத்துச் சென்று, ஒரு வார்த்தையும் பேசாது அவர் கையிற் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அப்போதுதான் எமக்கு விளங்கியது. அலுவலகத்துக்குச் சென்று மாணவர் விபரக் கோவையைப் பார்த்தோம். தந்தையின் தொழில் என்ற நிரலில் 'சுயதொழில்' என்று எழுதப்பட்டிருந்தது.

அவன் ஏன் மறைத்தான் என்று சிந்தித்தவேளை, மூன்று ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காலைப்பொழுது எமது நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் அவன் எழுதிய கட்டுரை எழுத்துப் பிழைகளால் நிறைந்திருந்தது. அக்கொப்பியை உயர்த்திக் காட்டி, "இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் நாளைக்கு உளிதான் பிடிக்கவேண்டி வரும்" என்று நாம் கூறினோம். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான் என்றே எமக்கு ஞாபகம்.

அவன் தந்தை யார் என்பதை நாம் அன்று அறியோம். அறியாமற் கூறியது என்று ஆறுதல் கொள்ளலாமா? இயலாது. அறியாமற் கூறியமையே குற்றத்தின் ஆழத்தைக் காட்டுகின்றது. கல்லாமையின் தண்டனைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியபோது எமது நா உளியைத் தானாகவே தேர்ந்துகொண்டது. இந்நாட்டில் 1960களின் தொடக்கத்தில் நடைபெற்ற மரபுப் போராட்டத்தைப் பற்றி நாம் விரிவுரை கேட்டவர்கள். உழைக்கும் மக்களின் பேச்சை இழிசனர் வழக்கு என ஒதுக்கிய பண்டிதர்களை எமது பரீட்சைத் தாள்களிற் கண்டித்து எழுதிப் பட்டம் பெற்றவர்கள். தொழிலாளியைப் பாடும் கவிதைகளை மேடையேற்றியவர்கள். அத்தனைக்கும் அடியில், நூலடித்தாலும் நிமிராத கோட்டமொன்று எமது மனத்திற் கிடந்தது. அதை ஒரு சிறுவன் மூன்றாண்டுகள் மௌனமாகச் சுமந்திருக்கின்றான்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்துப் பேசினோம். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எமது ஆசிரியர் மரபில் இல்லை; ஆகையால் சொற்கள் ஒழுங்காக வரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பரவாயில்லை சேர்" என்று ஒரு சொல் சொன்னான். அது மன்னிப்பா, மரியாதையா என்று இன்றும் எமக்குத் தெரியாது. ஆயின் அன்று பிற்பகல் அவன் வெளியே வந்தான். தந்தை வளையில் நூல் பிடித்தார். அவன் மறுமுனையைப் பிடித்தான். அவர்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. உளியைத் திருப்பிப் பிடிக்கும் விதத்தை அவர் ஒருமுறை காட்டினார். அவன் கை அதனை ஏலவே அறிந்திருந்தது.

2023 ஆவணியில் கொட்டகை எழுந்து நின்றது. கப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, ஆயினும் வளைகள் மட்டமாக ஓடின. அயலிலுள்ள பெண்கள் கிடுகு பின்னித் தந்து மேய்ந்தும் கொடுத்தனர். திறப்புவிழா நடைபெற்றது. நினைவுக் கல்லில் பிரமுகர்களின் பெயரும், பணம் அனுப்பிய பழைய மாணவர் பெயரும் பொறிக்கப்பட்டன. ஓடாவியார் பெயர் இல்லை. கல்வெட்டு ஏற்கெனவே எழுதியாயிற்று என்று எமக்குக் கூறப்பட்டது. நாம் ஒருமுறை ஆட்சேபித்தோம். இரண்டாம் முறை ஆட்சேபிக்கவில்லை. அதையும் இங்கு பதிவு செய்வதே நேர்மை.

மாணவர் எம்மிலும் துணிந்தவர்கள். வலயத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'வளவாளர்' என்ற நிரலில் ஓடாவியாரின் முழுப்பெயரையும் எழுதினர். அவருக்குத் தகைமைச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் அது வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. அவர்கள் மீண்டும் எழுதினர். தகைமை என்ற இடத்தில், 'நாற்பது ஆண்டுகள் தச்சுத் தொழில். இக்கொட்டகை' என்று சேர்த்தனர். பிழைதிருத்தும் பொறுப்பு எமதாகையால், அவ்வரியில் ஒரு பிழையும் இல்லை என்று கையொப்பமிட்டு அனுப்பினோம்.

தலைக்கும் கைக்கும் இடையிலுள்ள மதிலை இடிக்க முயன்றோர் எமக்கு முன்னரும் இருந்தனர். 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கல்லூரி, தன் பட்டறைகளில் வடிவம் கற்பிக்க ஒரு கலைஞனையும் தொழில் கற்பிக்க ஒரு கைவினைஞனையும் இணைத்து நியமித்தது. 1920இல் மொஸ்கோவில் சோவியத் அரசு நிறுவிய வ்கூதெமாஸ் என்னும் கலை, தொழினுட்பக் கல்லூரியும் கலைஞனையும் தொழிலாளியையும் அருகே கொண்டுவர முயன்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சாமுவேல் மொக்பியும் டி. கே. ரூத்தும் 1993இல் தொடங்கிய ரூறல் ஸ்ரூடியோ, பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவரை ஹேல் கவுண்டியின் வறிய கறுப்பின மக்கள் நடுவே அனுப்பி அவர்களுக்கு வீடு கட்டச் செய்தது. முதல் வீடு வைக்கோற் கட்டுகளைச் சுவராகக்கொண்டு ஒரு முதிய தம்பதியருக்காகக் கட்டப்பட்டது. 2005 முதல், இருபதாயிரம் டொலருக்குள் ஓர் ஏழைக்கு நல்ல வீடு கட்ட முடியுமா என்ற கேள்வியை அம்மாணவர் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

ஹூக் பார்க் மாணவரின் திறமையைப் போற்றும் நாம் ரூறல் ஸ்ரூடியோவின் கேள்வியை மறத்தலாகாது. எவ்வாறு கட்டுகின்றோம் என்பது ஒரு கேள்வி. யாருக்காக, யாரோடு கட்டுகின்றோம் என்பது அதனிலும் மூத்த கேள்வி. புதிய கருவி வரும்போதெல்லாம் அது மனிதரைச் சமமாக்கிவிடும் என்று நம்புவோர் உளர். கருவி தானாக எவரையும் சமமாக்குவதில்லை. அதே கணினியால் ஓடாவியாரின் கண்ணளவைப் படமெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியும். அவரது அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கவும் முடியும். இரண்டில் எதனைச் செய்வது என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை, நாமே தீர்மானிக்கின்றோம். பாடசாலையில் எந்தப் பாடத்தை உயர்ந்தது என்கின்றோம், எந்தப் பிள்ளையை எந்த வகுப்புக்கு அனுப்புகின்றோம், எந்தச் சொல்லால் ஏசுகின்றோம் என்பவற்றிலேயே அத்தீர்மானம் தொடங்கிவிடுகின்றது.

கதையின் முடிவை அறிய வாசகர் விரும்பலாம். அம்மாணவனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. சில புள்ளிகள் குறைந்துவிட்டன. இன்று அவன் தந்தையோடு தொழில் செய்கின்றான். கதவு நிலைகளையும் கூரைகளையும் முதலிற் கணினியில் வரைந்து காட்டிப் பின்னர் மரத்திற் செய்கின்றான். வேலை குறைவில்லை என்று சொல்கின்றான். எமது பழைய வாக்கு எழுத்துப் பிசகாமற் பலித்துவிட்டது. அவன் உளிதான் பிடிக்கின்றான். இதனை வெற்றி என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். அவன் விரும்பிய படிப்பு அவனுக்குக் கிடைத்திருக்கவேண்டும். தோல்வி என்று எழுதினாலோ, மூன்றாண்டுகளுக்கு முன் வகுப்பில் உதிர்த்த சொல்லை மீண்டும் ஒருமுறை உதிர்த்தவராவோம். அவன் தொழிலுக்குக் கூலி கிடைக்கின்றது. அத்தொழிலுக்கு உரிய மதிப்புத்தான் இன்னும் கிடைக்கவில்லை. அதனைக் கொடுக்கவேண்டிய கடன் அவனுடையதன்று, எம்முடையது.

இவ்வாண்டும் நன்னூற் பாயிரத்தைக் கற்பித்தோம். இம்முறை வகுப்பறையில் அல்ல, கொட்டகையிலே கற்பித்தோம். தச்சன் மரத்தின் வளைவைப் போக்குகின்றான் என்ற இடத்தில் ஒரு மாணவி எழுந்து, மேலே தாங்கி நிற்கும் கப்புகளைச் சுட்டி, "இதிலை ஒருத்தரும் வளைவைப் போக்கேல்லையே சேர்?" என்று கேட்டாள். நல்ல தச்சன் எந்த வளைவை நிமிர்த்துவது, எந்த வளைவை அப்படியே வைத்துக்கொள்வது என்று அறிவான் எனப் பதில் கூறினோம். பின்னர் உவமேயத்துக்கு விரையாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றோம். மரத்தின் கோட்டம் குற்றமன்று. அது காற்றையும் வெயிலையும் பாரத்தையும் தாங்கி மரம் பெற்ற அறிவு. நூல்கொண்டு நிமிர்த்த வேண்டிய கோட்டம் வேறோரிடத்தில் இருக்கின்றது.

அடுத்த மாரிக்கு முன் கொட்டகைக்குப் புதிய கிடுகு மேயவேண்டும். ஓடாவியாருக்கும் அவர் மகனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கின்றோம்.